காங்கேசன்துறை வாக்காளர் தந்த தீர்ப்புகள்

காங்கேசன்துறை என்றதும் துறைமுகமும் சீமெந்துத் தொழிற்சாலையுமே எம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகின்றன. அத்தொகுதி மக்கள் தம் வாக்குச்சீட்டால் எழுதிய வரலாற்றை எத்தனை வீடுகளில் எடுத்துரைத்திருக்கிறோம்?

1947இல் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராக நின்ற சா. ஜே. வே. செல்வநாயகத்தை அவர்கள் தெரிவு செய்தனர். 1949இல் அவர் தமிழரசுக் கட்சியை நிறுவினார். 1952இல் அதே மக்கள் அவரைத் தோற்கடித்து, ஐக்கிய தேசியக் கட்சியின் எஸ். நடேசனை அனுப்பினர். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற முழக்கம் தெற்கில் ஓங்கிய 1956இல், செல்வநாயகத்தையே மீண்டும் தேர்ந்தனர்.

1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பை ஏற்க மறுத்து, அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் பதவி துறந்து மக்களின் தீர்ப்பைக் கோரினார். இடைத்தேர்தல் ஈராண்டுகளுக்கு மேல் தாமதிக்கப்பட்டது. 1975 பெப்ரவரி 6இல் அவர் பெற்ற வாக்குகள் 25,927. எதிர்த்து நின்ற கொம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம் பெற்றவை 9,457.

அவரது மறைவின் பின், 1977இல் அ. அமிர்தலிங்கம் அங்கு வென்றார். 1978 யாப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தது. தனக்கென ஓர் உறுப்பினரை அனுப்பிய தொகுதி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு பிரிவாயிற்று.

பெற்றோரே, 1975இன் வெற்றியைச் சொல்லும்போது 1952இன் தோல்வியையும் மறையாது சொல்லுங்கள். மறுக்கத் தெரிந்த மக்கள் அளித்த ஆதரவு என்பதாலேயே அத்தீர்ப்புக்கு எடை உண்டு. இளையோரே, வாழும் நாட்டில் வாக்குச்சீட்டைக் கையிலெடுக்கும் நாளில், உங்கள் முன்னோர் அதை எத்துணைப் பொறுப்புடன் பயன்படுத்தினர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.