கித்தாரின் குரல்

ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்த பெரியவர் ஒருவர், "சாமி, அந்தக் கித்தார் தகரத்தில் கல் விழுவது போலல்லவா கேட்கிறது!" என்று நம்மிடம் முறையிட்டார். அவர் கூறியது மெய்யே. பாடற்குழு இளைஞன் தலைகுனிந்து நின்றான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963-ஆம் ஆண்டுத் திருவழிபாட்டு ஆவணம் குழல் ஆர்கனைப் போற்றினாலும், பிற இசைக்கருவிகளையும் விலக்கவில்லை. ஆனால் அவை ஆலயத்தின் மாண்புக்கு ஏற்றவையாயிருத்தல் வேண்டும். தகர ஓசைக்கு என்ன மாண்பு? கித்தாரை நிறுத்திவிடவே நாம் எண்ணினோம்.

அன்று மாலை பங்குமனைத் திண்ணையில் ஒலிபெருக்கியின்றி அவன் வாசித்தான். அதே கருவி, அதே விரல்கள். எனினும் தேனாய் இனித்தது. அவனைக் கடிந்து அனுப்பியிருந்தால் எத்துணைப் பெரும் பிழை!

கித்தாரின் இனிமை தந்தியில் மட்டும் பிறப்பதன்று. தந்தியின் அதிர்வை மேற்பலகை வாங்கிக்கொள்ள, பலகையும் பெட்டிக்குள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து அசைகின்றன. ஆனால் தந்திகளைத் தாங்கும் எலும்புத் துண்டின் அடியில் வைத்த பிக்கப், அழுத்தத்தை மின்சாரமாக்கும் படிகமாகும். 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த தன்மை அது. தந்தியின் அழுத்தத்தை அது நன்கறியும். காற்றின் மூச்சைப் பெரும்பாலும் அறியாது. போதாக்குறைக்கு, ஏறத்தாழ 10 இலட்சம் ஓம் மின்தடையுள்ள உள்ளீட்டை வேண்டும் அந்தப் படிகத்தை, சில ஆயிரம் ஓம் மட்டுமே உள்ள மைக் துளையில் நாம் நேரே செருகியிருந்தோம். கீழ்ச்சுரங்கள் உதிர்ந்துபோய்க் கீச்சொலியே எஞ்சிற்று.

ஆகவே இடையில் 'பிரீஆம்ப்' எனும் சிறு பெட்டியை வைத்தோம். 1000 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையிலான நடு ஒலியைச் சற்றே தணித்தோம், கரகரப்பு அடங்கியது. ஒலியைக் கூட்டினால் பெட்டி 'ஊம்' என ஊளையிட்டது. ஒலிபெருக்கியைப் பாடற்குழுவுக்கு முன்னே நகர்த்தி, 100 ஹெர்ட்ஸ் அருகே சிறிது குறைத்ததும் அதுவும் நின்றது. பெருங்கூட்டமில்லா நாள்களில், கழுத்தும் உடலும் சேருமிடத்திற்கு நேரே ஒன்றரைச் சாண் தொலைவில் மைக் ஒன்றையும் நிறுத்துகிறோம். மரத்தின் குரல் அப்போதுதான் முழுமையாய்க் கேட்கிறது. எவ்வளவு சத்தம் வேண்டும் என்பதில் மட்டும் நமக்கும் இளைஞர்களுக்கும் இன்னும் வழக்குண்டு!

அடுத்த ஞாயிறு அப்பெரியவர் ஒன்றும் சொல்லாமல் வீடு சென்றார். அதுவே நமக்குப் போதுமானதாயிருந்தது.

பாடற்குழுவினர்க்கு ஒரு சொல்: நள்ளிரவுத் திருப்பலிக்கு முன் அப்பெட்டியின் 9 வோல்ட் மின்கலத்தை மாற்றிவிடுங்கள். சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவில், வானவர் கீதத்தின் நடுவே நம் கித்தார் ஊமையாயிற்று.