பென்ஷனில் துண்டு விழுந்தால் யார் ஈடுகட்டுவது?

போலாரத்தில் ஒரே தெருவில் வசிக்கும் மூன்று தமிழ்க் குடும்பங்களை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஒருவர் கண்டோன்மெண்டில் சிவிலியன் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றொருவர் 2004-க்குப் பின் ரயில்வேயில் சேர்ந்தவர். மூன்றாமவர் தனியார் தொழிற்சாலையில் ஃபிட்டர். மூவரும் பேசுவது பென்ஷனைப் பற்றித்தான். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. பணம் எங்கிருந்து வருகிறது, போதாமற் போனால் சுமை யார் தலையில் விழுகிறது என்று கேட்டால் வித்தியாசம் விளங்கிவிடும்.

மூன்று வகை

குமாஸ்தாவின் பென்ஷனுக்குத் தனி நிதி கிடையாது. அவ்வப்போதைய அரசு வருவாயிலிருந்தே அது வழங்கப்படுகிறது. கடைசிச் சம்பளத்தில் பாதி, அதன்மேல் அகவிலை நிவாரணம் என்று தொகை நிச்சயமானது. 1982 டிசம்பர் 17-இல் நகரா வழக்கில் சுப்ரீம் கோர்ட், பென்ஷன் என்பது தர்மமல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று தீர்ப்பளித்தது.

2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு, படையினர் நீங்கலாக, தேசியப் பென்ஷன் திட்டம் வந்தது. இதில் கட்டும் சந்தா நிச்சயம். கிடைக்கும் பென்ஷன் நிச்சயமில்லை. சந்தை சரிந்தால் சுமை ஊழியருக்கே. இந்த மனக்குறையால்தான் 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டம் விருப்பத்துக்கு விடப்பட்டது. 25 ஆண்டு சேவை செய்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதி. குறைவதை ஈடுகட்டும் பொறுப்பு மீண்டும் அரசிடம் வந்தது.

ஃபிட்டரின் நிலை இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அவர் 1995 நவம்பர் 16-இல் அமலுக்கு வந்த தொழிலாளர் பென்ஷன் திட்டத்தைச் சேர்ந்தவர். முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஒரு பொது நிதிக்குப் போகிறது, அரசு 1.16 சதவீதம் சேர்க்கிறது. பென்ஷனுக்குச் சூத்திரமும் உண்டு, நிதியும் உண்டு. ஆனால் நிதி போதாவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் சிக்கல்.

ஃபிட்டரின் கணக்கு

சூத்திரம் எளியது. சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். ஆனால் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2001 ஜூன் முதல் அது 6,500 ரூபாய். 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய். 2001 செப்டம்பரில் சேர்ந்து 2024 ஆகஸ்டில் 58 வயதில் ஓய்வு பெற்ற ஒருவர், எப்போதும் உச்சவரம்பு அளவிலேயே சந்தா கட்டியதாகக் கொள்வோம். முதல் 13 ஆண்டுகளுக்கு 1,207 ரூபாய், அடுத்த 10 ஆண்டுகளுக்கு 2,143 ரூபாய், ஆக மாதம் 3,350 ரூபாய். இருபதாண்டு சேவைக்கான இரண்டாண்டுச் சலுகை தனி. இத்தொகைக்கு அகவிலைப்படி இல்லை. விலைவாசி ஏறினாலும் பென்ஷன் ஏறாது.

பற்றாக்குறை பிறக்கும் விதம்

நிதியில் இன்று இருக்கும் பணத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. இனி வரப்போகும் ஆண்டுகளில் கொடுக்கவேண்டிய தொகை அத்தனையையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். இதற்குத்தான் காப்புக் கணிப்பாளர் இருக்கிறார். பத்தாண்டு கழித்துத் தரவேண்டிய ஒரு லட்சத்துக்கு, 8 சதவீத வட்டி கிடைக்குமென்றால் இன்று சுமார் 46,300 ரூபாய் ஒதுக்கினால் போதும். வட்டி 6 சதவீதமாகக் குறைந்தால் சுமார் 55,800 ரூபாய் வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு காசு திருடு போகாமலே துண்டு விழுவது இப்படித்தான். மக்களின் ஆயுள் கூடினாலும் இதே விளைவுதான்.

நம் பென்ஷன் நிதியிலும் இத்தகைய கணிப்புகள் பற்றாக்குறையைக் காட்டியதுண்டு. அதை ஈடுகட்டியது யார்? 2008 செப்டம்பர் 26 முதல், பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டி மொத்தமாகப் பெறும் வசதியும் மூலதனத்தைத் திரும்பப் பெறும் வசதியும் எடுக்கப்பட்டன. 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் குறைந்தபட்சப் பென்ஷன் வந்தது உண்மை. ஆனால் அதே சமயம், கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளம் என்பது 60 மாதச் சராசரியாக மாற்றப்பட்டது. சம்பளம் ஏறிவரும் தொழிலாளிக்கு இது நஷ்டமே. 2022 நவம்பர் 4-இல் சுப்ரீம் கோர்ட்டும் இம்மாற்றத்தை ஏற்றது. ஆக, துண்டின் கணிசமான பகுதியைத் தொழிலாளியின் பயன்களைக் குறைத்தே ஈடுகட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்கா கற்ற பாடம்

1963-இல் ஸ்டூடிபேக்கர் மோட்டார் கம்பெனி, சவுத் பெண்ட் நகரிலிருந்த ஆலையை மூடியது. பென்ஷன் நிதி போதவில்லை. 60 வயதானவர்களுக்கு முழுப் பென்ஷன் கிடைத்தது. 40-லிருந்து 59 வயது வரை உரிமை பெற்றிருந்தோருக்குச் சுமார் 15 சதவீதமே கிடைத்தது, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அந்தக் கொந்தளிப்பின் பயனாக 1974-இல் அங்கே சட்டம் இயற்றி, கம்பெனிப் பென்ஷன்களுக்கு இன்ஷூரன்ஸ் ஏற்படுத்தினார்கள். துண்டு விழுந்தால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுதிவைத்ததுதான் அச்சட்டத்தின் சாரம்.

நம்மவர் செய்ய வேண்டியது

முதலில், பாஸ்புத்தகத்தில் மூன்று பத்திகளையும் மாதந்தோறும் பாருங்கள்: ஊழியர் பங்கு, முதலாளி பங்கு, பென்ஷன் பங்கு. காண்டிராக்டர் மூலம் வேலை செய்வோர் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்த பணம் கணக்கில் ஏறாவிட்டால், சம்பளச் சீட்டோடு பர்கத்புராவிலுள்ள வைப்புநிதி அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். உங்கள் கம்பெனி சொந்த டிரஸ்டில் சேமநிதியை நடத்துவதானால், அதன் ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். அங்கே வட்டியில் குறை ஏற்பட்டால் ஈடுகட்ட வேண்டியவர் முதலாளி.

தனி மனிதரால் ஆகாத காரியமும் ஒன்று உண்டு. பென்ஷன் நிதியின் கணிப்பு அறிக்கை ஆண்டுதோறும் தாமதமின்றித் தொழிலாளர் பார்வைக்கு வரவேண்டும். துண்டு விழுந்தால் அரசும் முதலாளியும் ஏற்கும் பங்கு சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். பென்ஷன் உரிமை என்றால், அதன் பற்றாக்குறையைப் பென்ஷன்தாரரின் தட்டிலிருந்தே எடுப்பது நியாயமாகாது. குறைந்தபட்சப் பென்ஷனை உயர்த்தக் கோரும் சங்கங்கள் இக்கோரிக்கையையும் சேர்த்தே எழுப்புவது நல்லது.