ஒட்டுப் போட்டால் மட்டும் போதுமா?

பிரெஞ்சு மொழியில் 'ருஸ்தீன்' என்று ஒரு சொல் உண்டு. சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டும் ரப்பர் துண்டுக்கு அந்தப் பெயர். மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்தால் போடுகிற 'பேட்ச்' என்பதற்கும் அதே சொல்லைச் சொல்வதுண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு இந்தச் சொல்லின் மேல் ஒரு பிரியம். காரணம், அது உண்மையைச் சொல்கிறது. டியூப் நன்றாக இருந்தால்தான் ஒட்டு நிற்கும். இற்றுப்போன டியூபில் எவ்வளவு உயர்ந்த ஒட்டைப் போட்டாலும் நாலு தெரு தாண்டாது.

நம் ஆத்தூரில் ஜெராக்ஸ் கடைக்குப் போனால் என்ன நடக்கிறது? "வாட்ஸப்ல அனுப்புங்க சார்" என்று ஒரு நம்பர் சொல்கிறார்கள். ஆதார், பட்டா, சாதிச் சான்றிதழ், பென்ஷன் புத்தகம் எல்லாவற்றையும் அந்த நம்பருக்கு அனுப்புகிறோம். கடைக் கணினியில் வாட்ஸப் வெப் காலை முதல் இரவு வரை திறந்தே இருக்கிறது. பிரிண்ட் எடுத்துக் காசு கொடுத்துவிட்டு நாம் வந்துவிடுகிறோம். நம் காகிதங்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன.

இந்த வாட்ஸப் வெப்பில் 2017 மார்ச் மாதம் ஒரு பெரிய ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. கண்டுபிடித்தவர்கள் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தார். பார்ப்பதற்குப் படம் போலத் தெரியும் ஒரு கோப்பு வரும். அதைத் திறந்தால் உள்ளே ஒளிந்திருக்கும் நிரல் ஓடி, கணக்கின் சாவி எதிராளி கைக்குப் போய்விடும். செய்திகள் அனுப்புபவரிடமே பூட்டப்பட்டு வருவதால், நடுவில் இருக்கும் நிறுவனத்துக்கு உள்ளே இருப்பது என்ன என்று தெரியாது. அரக்கு வைத்த உறையைத் தபால் பிரிவு குமாஸ்தா பிரித்துப் பார்க்க முடியாதல்லவா, அது போலத்தான். எனவே உறையை ஒட்டுவதற்கு முன்பே சோதிப்பது என்று மாற்றினார்கள். பயன்படுத்துபவர்கள் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் பிரவுசரை மூடித் திறப்பது மட்டும்தான்.

இணையவழி மென்பொருளின் நன்மை இது. ஒட்டை அவர்கள் இடத்திலேயே போட்டுவிடுகிறார்கள், நமக்கு வேலையில்லை. கணினியில் நிறுவிக்கொள்ளும் செயலி அப்படி அல்ல. விண்டோஸ் கணினிக்கான வாட்ஸப் செயலியில் உள்ள குறை பற்றி 2025 ஏப்ரலில் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு எச்சரித்தது. 2.2450.6 பதிப்புக்கு முந்தையவற்றில், படம் என்று காட்டப்படும் இணைப்பு, திறக்கும்போது நிரலாக ஓடக்கூடும். புதிய பதிப்பை ஏற்றாதவருக்கு அந்த ஓட்டை இன்றும் ஓட்டைதான்.

பிரவுசரில் பயன்படுத்தினால் கவலை விட்டது என்று நினைக்க வேண்டாம். பிரவுசரும் ஒரு மென்பொருள்தானே? விண்டோஸ் 7க்கு மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியோடு கைகழுவிவிட்டது. அதில் குரோம் 109ஆம் பதிப்புக்கு மேல் ஏறாது. அது வந்தது 2023 தொடக்கத்தில். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இன்னும் விண்டோஸ் 7 ஓடும் கடைகளை நான் பார்க்கிறேன். இதைத்தான் இற்றுப்போன டியூப் என்கிறேன்.

"தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் திறக்காதீர்கள்" என்று எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். நமக்கு அது பொருந்தும். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு எப்படிப் பொருந்தும்? தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் திறப்பதுதானே அவர் தொழில்! அதனால்தான் மற்றவர்களைவிட அவர் கணினி புதிதாக இருக்க வேண்டும் என்கிறேன்.

அவரைக் குறை சொல்லவில்லை. பக்கத்துக்குச் சில ரூபாய் வாங்குபவரைப் புதுக் கணினி வாங்கு என்று அதட்டுவது நியாயமில்லை. ஆனால் லினக்ஸ் இலவசம். ஓரளவு பழைய கணினியிலும் ஓடும். ஏற்றித் தர நம் ஊரில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்குப் பஞ்சமா என்ன? வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் போகும் காகிதமெல்லாம் இந்தக் கடைகள் வழியாகத்தான் போகிறது. அரசு இவர்களுக்கு ஒரு நாள் பயிற்சியும் கொஞ்சம் கடனுதவியும் கொடுத்தால் வீண் செலவு ஆகாது.

நம் பங்குக்கு மூன்று காரியங்கள். பிரிண்ட் எடுத்ததும், அனுப்பிய கோப்பை அழிக்கச் சொல்லிக் கண்ணால் பாருங்கள். கணினியில் இறங்கிய பிரதியையும் சேர்த்து. உங்கள் வாட்ஸப்பைக் கடைக் கணினியில் திறந்திருந்தால், கிளம்பும் முன் போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் போய் வெளியேறுங்கள். ஆதாரின் முழு எண் தேவையில்லாத இடத்தில், எண் மறைக்கப்பட்ட ஆதாரையே கொடுங்கள்.

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன மாவட்டம் நம்முடையது. பூட்டை வாங்கினால் இழுத்துப் பார்க்காமல் நாம் நகர்வதில்லை. அந்தப் பழக்கத்தைக் கடைக் கணினியிடமும் காட்டுவோம். கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பாரோ என்று கூச்சப்படாதீர்கள், காகிதம் உங்களுடையது.