வாட்டைக் கூட்டினால் வழி தெரியுமா?

திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை ராஜபாளையத்தைக் கடந்து சேத்தூர் வழியே சிவகிரிக்குப் போகிறது. ஊர் எல்லை முடிந்ததும் தெருவிளக்கு இல்லை. பெரும்பகுதியில் நடுவே தடுப்பும் இல்லை. நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவரும் தோப்புக் காவலுக்குப் போகிறவரும் பைக்கின் ஹெட்லைட்டை மட்டுமே நம்பி ஓட்டுகிறார்கள். சாதாரண நூறு சிசி வண்டிகளில் காலங்காலமாகக் கம்பெனி போட்டுத் தந்தது 35 வாட் ஹாலஜன் பல்பு. அது போதவில்லை என்று அவர்கள் சொன்னால் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால், அதற்குக் கடையில் கிடைக்கும் 100/90 வாட் பல்போ, வெள்ளைவெளேரென்ற எல்இடி பல்போ குறையைத் தீர்ப்பதில்லை. அதை எதிரே வருகிறவர் தலையில் கட்டுகிறது.

பைக்கில் மின்சாரம் பேட்டரியில் பிறப்பதில்லை. இன்ஜினோடு சுழலும் மேக்னெட்டும் காயிலும் உண்டாக்குவதுதான் மொத்த வருமானம். பேட்டரி வெறும் சேமிப்பு. 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மூன்று ஆம்பியரைக் கணக்கிட்டுப் போட்ட மெல்லிய ஒயரும் சுவிட்சும் கப்ளரும் அந்தச் சூட்டில் இளகும். போதாததற்கு, 2017 ஏப்ரல் முதல் வந்த புதிய இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட்டை அணைக்கவே வழியில்லை, பட்டப்பகலிலும் எரிகிறது. 2020இல் பிஎஸ்6 மாசு விதி வந்தபின் பெட்ரோல் பம்பும் ஈசியூவும் அதே காயிலில் வந்து தொங்குகின்றன. முன்பெல்லாம் பேட்டரி இறங்கினாலும் கிக்கரை உதைத்து வீடு போய்ச் சேரலாம். இப்போது பேட்டரி அடியோடு இறங்கினால் பல வண்டிகள் உதைத்தாலும் கிளம்பா.

இதில் பலரும் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. ஹாலஜன் பல்புக்குப் போகும் வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். துருப்பிடித்த எர்த், கருகிய கப்ளர், தேய்ந்த டிம்-பிரைட் சுவிட்ச் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தின்றபின் மிஞ்சுவதுதான் பல்புக்குப் போகிறது. பல்பைக் குறை சொல்லுமுன் அதன் முனையில் மீட்டர் வைத்துப் பார்க்கிற மெக்கானிக் எத்தனை பேர்? ஹெட்லைட் பேட்டரியில் எரியும் வண்டிகளில் ரிலேவும் பியூஸும் வைத்துத் தடித்த ஒயர் ஒன்றை இழுத்தாலே, அதே பல்பு வேறு பல்பு போல எரியும். காயிலின் ஏசியில் நேரடியாக எரியும் பழைய வண்டிகளுக்கு இது அப்படியே பொருந்தாது. அவற்றில் முதலில் பார்க்க வேண்டியவை எர்த்தும் ரெகுலேட்டரும்.

எல்இடி பல்புக்கு மின்சாரம் குறைவுதானே என்பார்கள். உண்மைதான், லோடைப் பொறுத்தவரை அந்த வாதம் நிற்கும். ஆனால், ஒளி போய் விழும் இடம் வேறு கதை. ஹாலஜன் பல்பில் இழை எங்கே எரிகிறதோ அந்தப் புள்ளியைக் கணக்கிட்டே ரிஃப்ளெக்டரை வளைத்திருக்கிறார்கள். டிம் வெளிச்சம் மேலே சிதறாமலிருக்க பல்புக்குள்ளேயே சிறு தகடு மறைக்கிறது. கண்ட எல்இடி பல்பை அதற்குள் செருகினால் இந்த ஏற்பாடு குலைந்து, வெளிச்சம் எதிரே வருகிறவர் முகத்துக்கு ஏறும். கம்பெனியே எல்இடிக்கென்று வடிவமைத்துத் தரும் முழு ஹெட்லைட்டை இதில் சேர்க்கக் கூடாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் வண்டி நொடிக்கு 17 மீட்டர் கடக்கிறது. கண் கூசி மூன்று நொடி இருண்டால் 50 மீட்டர் குருட்டு ஓட்டம். பிரேக் பிடித்து நிற்கவே ஏறத்தாழ அவ்வளவு தூரம் வேண்டும். மாடோ காட்டுப்பன்றியோ அந்த இடைவெளியில் குறுக்கிட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

‘கார்க்காரன் டிம் அடிப்பதில்லை, நான் மட்டும் ஏன்?’ என்பது இன்னொரு வாதம். கோபம் நியாயமானது. ஆனால், தடுப்பில்லாத சாலையில் கூசிய கண்ணோடு வரும் கார் ஏறப்போவது பைக்கின் மேல்தான். சட்டம் இதில் ஊமையும் அல்ல. எதிரே வருபவரின் கண் கூசாதபடி விளக்கு கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி 106. அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ சொல்கிறது. அபராதம் கட்டுகிறவர் வண்டிக்காரர். அந்தப் பல்பை விற்றவர் கல்லாவில் நிம்மதியாக இருக்கிறார்.

சொந்த உபயோக இருசக்கர வாகனத்துக்கு, பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகள் தகுதிச் சோதனை கிடையாது. ஹெட்லைட் எங்கே பார்க்கிறது என்று அதுவரை அதிகாரபூர்வமாக யாரும் பார்ப்பதே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் காவல்துறையும் உள்ளூர் மெக்கானிக்குகளைச் சேர்த்துக்கொண்டு, மில் வாசல்களில் ஃபோகஸ் சரிபார்க்கும் முகாம் நடத்தினால் பெரிய செலவில்லை. அதுவரை, அதிக வாட் பல்பு வாங்கும் முன் கண்ணாடியைத் துடைத்து, எர்த்தைச் சுரண்டச் சொல்லுங்கள். பின்னால் ஆளை உட்காரவைத்து, வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, ஃபோகஸை இறக்கிக்கொள்ளுங்கள்.