இஸ்தோப்பில் நின்ற நேரம்

சென்ற ஞாயிறு, கொழும்பிலிருந்து வந்திருந்த உறவினர் நால்வர் பழைய கட்டிடங்கள் பார்க்க வேண்டும் என்றார்கள். ஹல்துமுல்லையில் பஸ் ஏறி அப்புத்தளையில் இறங்கி, ஆதிஷம் பங்களாவுக்கு நடந்தோம். 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டி முடித்த கருங்கல் வீடு. இங்கிலாந்தின் கென்டிலுள்ள ஓர் ஊரின் பெயர் அதற்கு. இன்று பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். ஆளுக்கொரு ஜாம் போத்தல் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

மாலையில், ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் எனக்குப் பழக்கமான ஒரு லயத்துக்கும், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கும், அழைத்துப் போனேன். ஆதிஷத்தைவிட வயதில் மூத்த லயம் அது.

"உள்ள வாங்க தம்பி. பாக்க என்னா இருக்கு? ஒரு இஸ்தோப்பு, ஒரு காம்பரா" என்றார் அங்கே குடியிருக்கும் அம்மா.

இஸ்தோப்பு என்பது முன் விறாந்தை; காம்பரா என்ற அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அடுப்புப் புகையில் தகரம் கறுத்துக் கிடக்கிறது. மூத்த மகனுக்குக் கலியாணமானதும் குறுக்கே சீலை கட்டி இன்னோர் அறை செய்திருக்கிறார்கள். துரை பங்களாவின் கல்லையும் மரத்தையும் பற்றி நிறைய எழுதியாயிற்று. இந்தச் சீலைச் சுவரையும் யாராவது அளந்து, வரைந்து, எழுதிவைக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

அதற்கு அவசரமும் உண்டு. இதே ஹல்துமுல்லைப் பிரிவில்தான் மீரியபெத்த இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை, மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்று 2005இலேயே எச்சரித்திருந்தார்கள். புதைந்துபோன அந்த லயங்களை இனி யாரும் அளக்க முடியாது.

லயத்தைக் காப்பது என்றால் ஆட்களை அதிலேயே வைத்திருப்பது அல்ல. அவர்களுக்கு நிலமும் தனி வீடும் முதலில் வேண்டும். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயக் காம்பராக்களையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி இருக்கிறார்கள். ஊவாவிலும் அப்படி ஒரு லயம் மிஞ்ச வேண்டும்.

அளக்க ஒருநாள் வரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். மருமகளுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.