நிக்காஹுக்கு மண்டபமா, பள்ளிவாசலா?

திருமணப் பேச்சு நடைபெறும் வீடுகளில் பெண்ணும் மாப்பிள்ளையும் முடிவானதும் எழுகின்ற முதற் கேள்வி, "எந்த மண்டபம்?" என்பதே. "பள்ளிவாசலிலேயே நிக்காஹை வைத்துக்கொள்ளலாமே" என்று பெரியவர் ஒருவர் கூறினால், "ஊர் என்ன சொல்லும்?" என்ற மறுமொழி உடனே வந்துவிடுகிறது. இவ்விஷயத்தில் மார்க்கம் கூறுவதையும் நம் சமுதாயத்தின் தேவையையும் இம்மாதம் சிந்திப்போம்.

நிக்காஹ் நிறைவேறுவதற்குப் பள்ளிவாசல் ஒரு நிபந்தனையன்று. மணமகளின் சம்மதம், வலீயின் பொறுப்பு, சாட்சிகள், ஈஜாப் கபூல், மஹர் ஆகியவையே அதன் உயிர்நாடி. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவில் மணமுடித்த செய்தியை, அவர்மீதிருந்த மஞ்சள் நிற நறுமணச் சாயத்தைக் கண்டு வினவிய பின்னரே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிந்தார்கள் என்பதைப் புகாரீ கிரந்தத்தில் காண்கிறோம். தம்மை அழைக்காததற்காக அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. மாறாக, பரக்கத்துக்காக துஆச் செய்து, ஓர் ஆட்டைக் கொண்டேனும் வலீமா விருந்தளிக்குமாறு பணித்தார்கள்.

நிக்காஹைப் பகிரங்கப்படுத்துமாறும், அதைப் பள்ளிவாசல்களில் நடத்துமாறும் கூறும் நபிமொழி ஒன்றை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் திர்மிதீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். அதன் அறிவிப்பாளர்களுள் ஒருவர் பலவீனமானவர் என்பதையும் அவர்களே குறிப்பிட்டுள்ளார்கள். ஆயினும் ஹனஃபீ, ஷாஃபிஈ சட்ட நூல்கள் பள்ளிவாசலில் நிக்காஹ் நடத்துவதை முஸ்தஹப், அதாவது விரும்பத்தக்கது என்கின்றன. ஆகவே வீட்டிலோ மண்டபத்திலோ நடத்துவோரைக் குற்றவாளிகளாகப் பார்ப்பது முறையன்று.

கட்டாயமில்லையெனில் இதனை ஏன் வலியுறுத்த வேண்டும்? ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலில் ஜமாஅத் கடிதத்தைக் கையில் ஏந்தி, "குமர் காரியம்" என்று துண்டு விரித்து நிற்கும் தந்தையரை நாம் கண்டிருக்கிறோம். அத்துண்டில் விழும் காசு எங்கே போகிறது? கைக்கூலிக்கும் சீர்வரிசைக்கும், மண்டப வாடகைக்கும் பிரியாணிக்கும் போகிறது. நிக்காஹுக்கு இடம் தரக்கூடிய அல்லாஹ்வின் இல்லத்து வாயிலிலேயே, மண்டபச் செலவுக்காக ஒரு முஸ்லிம் கையேந்தி நிற்கிறார்! இதைக் கண்டும் காணாமல் நாம் கடந்து செல்லலாமா?

"வசதியுள்ளவர் மண்டபத்தில் நடத்தினால் உங்களுக்கென்ன?" என்று சிலர் கேட்பர். வசதியுள்ளவர் செய்வதே வசதியற்றவருக்கு அளவுகோலாகிவிடுகிறது என்பதுதான் விடை. ஏழைகள் மட்டுமே பள்ளிவாசலில் மணமுடித்தால், அது ஏழ்மையின் அடையாளமாகிவிடும். பிறகு எந்தத் தந்தைதான் கடன்பட்டேனும் மண்டபத்தைத் தேடாமலிருப்பார்? எனவே இவ்வழக்கத்தைச் செல்வந்தர்களே தொடங்கி வைக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் 50 பேருக்கு மேல் கூடலாகாது என்ற கட்டுப்பாடு வந்தபோது, பெரும் தனவந்தர் இல்லங்களிலும் நிக்காஹ் எளிமையாகவே நடந்தேறியது. எவருடைய கௌரவமும் அதனால் குறைந்துவிடவில்லை.

ஆனால் இடத்தை மாற்றினால் மட்டும் போதாது. காலையில் பள்ளிவாசலில் நிக்காஹ், நண்பகலில் பெண் வீட்டார் செலவில் மண்டபத்தில் ஆயிரம் பேருக்கு விருந்து என்றால், அங்கே எளிமை எங்கே? மணப்பெண்களுக்கு மஹரை மனமுவந்து கொடுக்குமாறு அன்னிஸா அத்தியாயத்தின் 4வது வசனம் ஆண்களுக்குக் கட்டளையிடுகிறது. முதல்நாள் இரவு கைக்கூலியைப் பெற்றுக்கொண்டு, மறுநாள் மிஹ்ராபின் முன் அமர்ந்து மஹர் சொல்வது இறையில்லத்துக்குச் செய்யும் அவமரியாதையன்றோ? கைக்கூலி வாங்கும் திருமணத்துக்குத் தஃப்தர் இல்லை என்று ஜமாஅத்தார் உறுதியாக நின்றால்தான் பள்ளிவாசல் நிக்காஹ் பொருளுடையதாகும்.

மற்றொன்றையும் மறந்துவிடலாகாது. பல ஊர்களில் பள்ளிவாசல் நிக்காஹ் என்றால் பெண்கள் வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதுதான். பெற்று வளர்த்த தாய்க்குத் தன் மகளின் நிக்காஹ் குத்பாவைக் கேட்கும் வாய்ப்புக்கூட இல்லை. பள்ளிவாசலில் தனியிடமோ, அதையொட்டிய மதரஸாவில் திரையிட்ட கூடமோ ஏற்பாடு செய்து, ஒலிபெருக்கி வைத்துத் தருவது முத்தவல்லிமார்களுக்குப் பெரிய காரியமன்று. அவ்வாறே, தொழுவோருக்கு இடையூறு செய்யாமலும், அரட்டையும் படப்பிடிப்பு ஆரவாரமுமின்றியும் பள்ளியின் கண்ணியத்தைக் காப்பது திருமண வீட்டாரின் கடமை.

இம்மாற்றத்தைப் பெண்ணைப் பெற்றவரால் தொடங்க இயலாது. அவர் "பள்ளிவாசலில் வைக்கலாம்" என்றால் செலவுக்கு அஞ்சுவதாகவே ஊர் பேசும். மகனைப் பெற்ற தாய்மார்களே, தந்தையரே! "கைக்கூலி வேண்டாம், பள்ளிவாசலில் நிக்காஹ், வலீமா எங்கள் பொறுப்பு" என்று நீங்கள் கூறும் ஒரு சொல் போதும். ஒரு குடும்பத்தின் கடன் சுமை நீங்கும். ஒரு தந்தை பள்ளிவாசல் வாயிலில் கையேந்தாமல், உள்ளே வலீயாகத் தலைநிமிர்ந்து அமர்வார்.

அத்தகைய நல்ல மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.