படம் ஒத்திருந்தா போதுமா?

டாப்லோவில் இருந்த டாஷ்போர்டுகளை பவர் பிஐக்கு மாத்தித் தரச் சொல்லி எனக்கு ஒரு வேலை வந்தது. பரந்தனில் வீட்டிலிருந்தே செய்யலாம், சந்தோசம். ஆனா "பழைய படம் மாதிரியே இருந்தாச் சரி" எண்டவை. அங்கதான் எனக்குச் சண்டை.

கிளிநொச்சி மாவட்டக் குடும்பங்களில் கண்டாவளையின் பங்கு எவ்வளவு எண்டு ஒரு கட்டம் இருக்குது எண்டு வையுங்கோ. டாப்லோவில் மாவட்ட மொத்தத்தை 'ஃபிக்ஸ்ட்' எண்டு பூட்டி வைத்திருந்தால் சாதாரண ஃபில்டர் அதைத் தொடாது. பவர் பிஐயில் அதையே வெறும் கூட்டுத்தொகையாக எழுதினால், ஸ்லைசரில் தெரிவு செய்ததை மட்டும்தான் கூட்டும். கண்டாவளையை மட்டும் தெரிந்தால் 100 வீதம் காட்டும். அந்தப் பிழையைச் சின்னப்பிள்ளையும் பிடிக்கும். கரைச்சியையும் சேர்த்துப் பாருங்கோ. பூநகரியும் பச்சிலைப்பள்ளியும் மொத்தத்திலிருந்து கழன்றுவிடும், கண்டாவளையின் பங்கு சத்தமில்லாமல் கூடும். நிறம் மட்டும் அச்சொட்டாகப் பழையது!

இதுக்கேன் இவ்வளவு கத்துறாய் எண்டு கேக்கிறவை வன்னியை மறந்திட்டினம். 2009 தொடக்கத்தில் இங்கே மிஞ்சியிருந்தது ஏறத்தாழ 70,000 பேர் எண்டது அரசு. பிறகு முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,80,000க்கு மேல். சாப்பாடு அந்தக் குறைந்த எண்ணுக்குத்தான் அளக்கப்பட்டது. அது மென்பொருள் பிழையில்லை, தெரியும். ஆனால் 'மொத்தம்' எது எண்டு ஆர் தீர்மானிக்கிறது எண்ட கேள்வி அதேதான்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு ஃபில்டருக்கும் எண்ணை ஒப்பிடுற நாட்களுக்கும் காசு கேளுங்கோ. நான் கேட்டன். தர மாட்டமெண்டவை. வேலையை விட்டிட்டன்.